ஆயுள் தண்டனை என்றால் எத்தனை ஆண்டு?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றைப் பற்றிப் பதில் எழுதும்போது, அந்தத் தகராறில் அண்ணனைத் தம்பி வெட்டிக் கொன்றதையும் தம்பிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள், பாகப்பிரிவினையைப் பற்றி வந்தவற்றைவிட அதிகம். கொலைக்குத் தரப்படும் சிறைத் தண்டனை போதுமானதுதானா என்பதே ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருந்த கேள்வி என்பதால், இம்முறை வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஊர்ப் பெயர்களை மட்டும் தருகிறேன்.

பட்டுக்கோட்டை வாசகி: வரப்புத் தகராறில் என் அண்ணனை வெட்டிக் கொன்றவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டு நீதிமன்ற வாசலிலேயே என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். போன வருடம் அதே ஆள் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா மயங்கி விழுந்துவிட்டார். விசாரித்தால், தண்டனை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆயுள் என்றால் ஆயுள் இல்லையா? ஓர் உயிருக்குப் பதினான்கு வருடம்தான் கணக்கா?

சகோதரி, உங்கள் தாயார் இப்போது தேறியிருப்பார் என்று நம்புகிறேன். சட்டப்படி ஆயுள் என்றால் ஆயுள்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவும் கொலைக்கு இரண்டே தண்டனைகளைச் சொல்கின்றன: ஒன்று மரணம், மற்றொன்று ஆயுள் சிறை. கொலை என்று தீர்மானித்த பிறகு, குற்றவாளிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது என்றெல்லாம் பார்த்துப் பத்து ஆண்டு போதும் என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது.

ஆயுள் என்பது எத்தனை ஆண்டு என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு 1961-லேயே போயிற்று. கொண்டுபோனவர் காந்தியடிகள் கொலைச் சதியில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே. தான் சிறையில் இருந்த காலத்தையும் நன்னடத்தைக்காகக் கிடைத்த தண்டனைக் குறைப்பு நாள்களையும் கூட்டினால் 20 ஆண்டு தாண்டிவிட்டது, எனவே தன்னை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை என்பது குற்றவாளியின் எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமான தண்டனை என்றும், சட்டத்தில் காணப்படும் 20 ஆண்டு என்ற எண் தண்டனையின் பின்னங்களை (பாதி, கால் பங்கு போன்றவற்றை) கணக்கிடுவதற்காக மட்டுமே வைக்கப்பட்டது என்றும் அன்று சொல்லப்பட்டது. இன்றுவரை அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் அதே கோபால் கோட்சே 1964-இல் வெளியே வந்துவிட்டார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. தண்டனையை விதிப்பது நீதிமன்றம். அதை எந்த இடத்தில் முடிப்பது என்று தீர்மானிப்பது அரசு.

அரசுக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரம்; பழைய சட்டத்தில் 432-ஆவது பிரிவாகவும், புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473-ஆவது பிரிவாகவும் அது இருக்கிறது. இந்த அதிகாரத்தை மாநில அரசுகள் தாராளமாகப் பயன்படுத்தியதைப் பார்த்த நாடாளுமன்றம், 1978-இல் 433-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகளாவது சிறையில் கழித்திருக்க வேண்டும் என்று தடுப்புப் போட்டது. புதிய சட்டத்தின் 475-ஆவது பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. ஊரெல்லாம் புழங்கும் பதினான்கு என்ற எண் பிறந்த இடம் இதுதான். 14 ஆண்டு முடிந்தால் விடுதலை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 14 ஆண்டு முடியும்வரை அந்த வழியில் விடுதலைப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. நன்னடத்தைக்கான குறைப்பு நாள்களை அந்த 14-இல் சேர்க்க முடியாது. தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைச் சேர்க்கலாம்.

இரண்டாவது வழி அரசியலமைப்பின் 161-ஆவது பிரிவு. அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் தண்டனையைக் குறைக்கலாம். அதற்கு 14 ஆண்டு என்ற தடுப்பு பொருந்தாது. 1980-இல் மாரு ராம் வழக்கிலும், 2021-இல் ஹரியானா அரசின் வழக்கொன்றிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. ஏழு ஆண்டு, பத்து ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் வெளியே வருவது இந்த வழியாகத்தான்.

ஆகவே, கொலைக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதனின் மிச்ச ஆயுள் முழுவதையும் எடுத்துக்கொள்வதைவிடச் சிறையில் நீண்ட தண்டனை வேறு என்ன இருக்க முடியும்? உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த அநீதி வேறு. தீர்ப்பு நாளில் உங்கள் தாயாரிடம் ஆயுள் என்ற ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை பிரிவுகளும் அரசாணைகளும் இருக்கின்றன என்று காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விடுதலைக்கு முன்பும் ஒரு கடிதம்கூட வரவில்லை. டீக்கடையில் வைத்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதை என்னால் எந்தச் சட்ட விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

திருமங்கலம் வாசகர்: தலைவர்களின் பிறந்த நாளுக்குக் கொலைக் கைதிகளை விடுதலை செய்வது எந்த ஊர் நியாயம்?

அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008 செப்டம்பரில், ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் 1,400-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் விடுவிக்கப்பட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018-இல் வந்த அரசாணை பத்து ஆண்டு முடித்தவர்களுக்கு வழி திறந்தது. 2021-இல் அண்ணா பிறந்த நாளை முன்னிட்டு 700 ஆயுள் கைதிகளின் முன்விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறினாலும் வழக்கம் மாறவில்லை என்பதைக் காட்டவே மூன்றையும் சொல்கிறேன்.

முன்விடுதலை என்ற ஏற்பாட்டுக்கு நான் எதிரானவன் அல்லன். ஏன் என்பதைப் பின்னால் கடலூர் வாசகிக்கான பதிலில் சொல்கிறேன். என்னை உறுத்துவது, விடுதலைக்கான காரணம் கைதியிடம் இல்லாமல் காலண்டரில் இருப்பதுதான். மேலவளவை நினைத்துப் பாருங்கள். தனித்தொகுதி ஊராட்சியில் நின்று தலைவராக வந்தார் என்பதற்காக முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று மேலூர் அருகே பேருந்தை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் மூவர் 2008-இல் அண்ணா நூற்றாண்டுப் பட்டியலில் வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அரசாணையின்படி வெளியே வந்தார்கள். ஒரு வரப்புச் சண்டையில் நிதானம் இழந்து அரிவாளை எடுத்தவரையும், சாதி ஆதிக்கத்துக்காகத் திட்டமிட்டுக் கும்பலாகத் தலையை அறுத்தவர்களையும் ‘பத்து ஆண்டு முடித்தவர்கள்’ என்ற ஒரே பத்தியில் எழுதும் பட்டியலைப் பார்க்கும்போது, பட்டியல் போட்டவர்கள் தீர்ப்பைப் படித்தார்களா என்ற கேள்வி எழத்தான் செய்யும். செத்தவர்களின் குடும்பம் அதே ஊரில், அதே தெருவில்தான் இருக்கிறது.

இது தமிழ்நாட்டின் நோய் மட்டும் அல்ல. 2002 கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டு வன்கொடுமை செய்து, அவருடைய மூன்று வயதுக் குழந்தை உள்பட அவர் குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் ஆயுள் பெற்ற 11 பேரை, 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. வாசலில் மாலை போட்டு வரவேற்றார்கள். வழக்கு விசாரணை மகாராஷ்டிரத்தில் நடந்ததால் விடுவிக்கும் அதிகாரமே குஜராத்துக்கு இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, இரண்டு வாரத்தில் எல்லோரும் சிறைக்குத் திரும்ப வேண்டும் என்றது, திரும்பினார்கள். அரசின் கருணைக்கும் வரம்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்ன இடம் அது. ஆனால் அதைச் சொல்ல வைக்க, பாதிக்கப்பட்ட பெண்ணே மறுபடியும் டெல்லிவரை படியேற வேண்டியிருந்தது.

அரியலூர் வாசகர்: சிறையில் பகலை ஒரு நாளாகவும் இரவை ஒரு நாளாகவும் எண்ணுவார்களாமே? இரட்டை ஆயுள் என்றால் 28 ஆண்டா?

பகல், இரவுக் கணக்கு வெறும் வதந்தி. எந்தச் சட்டத்திலும் எந்தச் சிறை விதியிலும் அப்படி ஒன்று இல்லை. 24 மணி நேரம்தான் ஒரு நாள்.

இரட்டை ஆயுள் என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுவது, இரண்டு குற்றங்களுக்குத் தனித்தனியே ஆயுள் விதிக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில்தான். ஒரு மனிதனுக்கு ஓர் ஆயுள்தான் உண்டு என்பதால் ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, அவை சேர்ந்தேதான் ஓடும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2016-இல் முத்துராமலிங்கம் என்ற தமிழ்நாட்டு வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

நாமக்கல் வாசகர்: எங்கள் ஊரில் நடந்த கொலைக்கு ஏழே ஆண்டுதான் கொடுத்தார்கள். குறைந்தபட்சமே ஆயுள் என்றால் இது எப்படி?

அந்த வழக்கில் நீதிமன்றம் அதைக் கொலை என்று தீர்மானித்திருக்காது. ஒருவர் சாவுக்குக் காரணமாக இருந்தாலும், திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டோ, முன்யோசனை இல்லாத கைகலப்பிலோ, தற்காப்பு எல்லை மீறியோ அது நடந்திருந்தால் சட்டம் அதைக் கொலையிலிருந்து பிரித்துப் பழைய 304-ஆவது பிரிவில், அதாவது இன்றைய 105-ஆவது பிரிவில் வைக்கிறது. அங்கே பத்து ஆண்டு வரையிலும், சில நிலைகளில் ஆயுள் வரையிலும் தண்டிக்கலாம். ‘302-ஐ 304 ஆக உடைத்துவிட்டார்’ என்று நீதிமன்ற வளாகத்தில் பேசிக்கொள்வது இதைத்தான். அந்த உடைப்பு தவறு என்று குடும்பத்தினர் கருதினால் மேல்முறையீடு செய்யலாம். 2009 இறுதியில் வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. குற்றவாளியை விடுவித்தாலும், குறைந்த குற்றமாக மாற்றினாலும், இழப்பீடு போதாவிட்டாலும் அவர்கள் மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் முடியாது. அந்த மேல்முறையீட்டை அரசுதான் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனை போதுமா என்று கேட்கும் உரிமை, அதை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்கக்கூடிய குடும்பத்துக்கு இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிவகாசி வாசகர்: பரோலும் கிடையாது, குறைப்பும் கிடையாது, கொலை என்றால் சாகும்வரை உள்ளேதான் என்று ஒரு சட்டம் போட்டால் கொலைகள் தானாகக் குறையாதா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விடை மட்டும் நீங்கள் எதிர்பார்ப்பதாக இருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாகியிருந்தன. காரணம் வாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் இருப்பவை தகராறுகள்: 9,962 வழக்குகள். அடுத்தது சொந்தப் பகை, 3,761. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. தகராறு என்றால் என்ன? வாய்க்கால் தண்ணீர், பொதுச் சுவர், குடித்துவிட்டுப் பேசிய ஒரு பேச்சு, கொடுக்கல் வாங்கல். அரிவாள் ஓங்கிய அந்த நிமிடத்தில் 14 ஆண்டா 30 ஆண்டா என்று கணக்குப் போட்டவர் ஒருவரையும் என் தொழில் வாழ்க்கையில் நான் சந்தித்ததில்லை. திட்டம் போட்டுக் கொல்கிறவர்கள் கணக்குப் போடத்தான் செய்கிறார்கள். அவர்களும் எத்தனை ஆண்டு என்று போடுவதில்லை, மாட்டுவோமா மாட்டேமா, சாட்சி நிற்குமா நிற்காதா என்றுதான் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் அவர்களுக்குச் சாதகமாக இருப்பது எது என்பதை ஒரு வழக்கைக் கொண்டு சொல்கிறேன். விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் சாதி மாறித் திருமணம் செய்துகொண்டதற்காக 2003 ஜூலையில் விஷம் செலுத்திக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றத்தில் கடைசி மேல்முறையீடு முடிந்தது 2025 ஏப்ரலில். கொலை நடந்த ஆண்டில் பிறந்த குழந்தை, முதல் தீர்ப்பு வந்தபோது ஓட்டுப் போடும் வயதுக்கு வந்திருந்தது. இந்த 18 ஆண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, தண்டனை 14-இலிருந்து 40 ஆனாலும் பயம் எங்கிருந்து வரும்?

பல ஆண்டுகளுக்கு முன் அமர்வு நீதிமன்றம் ஒன்றின் தாழ்வாரத்தில் நான் தினமும் பார்த்த ஒரு தாயை இங்கே சொல்ல வேண்டும். மகனைப் பறிகொடுத்தவர். வாய்தா நாளன்று காலையில் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மடித்து, ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார். மாலையில் வழக்கு மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டதும் அடுத்த தேதியை அந்தத் தாளின் பின்பக்கம் யாரையாவது எழுதித் தரச் சொல்வார்; இரண்டு மூன்று முறை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் முக்கியமான கண்சாட்சி ஒருவர் பிறழ்சாட்சியாகி, எதுவும் தெரியாது என்று கூண்டில் சொன்ன நாளில், அந்தப் பை கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், எல்லோரும் விடுதலையானார்கள். அவர்களுக்கு 14 ஆண்டா, ஆயுளா, தூக்கா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்தச் சாட்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீடு எதிரிகளின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தது, அதன் பிறகும் அவர் அங்கேதான் குடியிருந்தாக வேண்டும்.

ஆகவே புதிதாக ஒரு கடுமையான சட்டம் போடுவதற்கு முன்னால், இருக்கும் சட்டத்தை நடத்திக் காட்டுங்கள் என்பேன். சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே இருந்தது. வாதம் முடிந்து 30 நாளில், தவறினால் காரணம் எழுதி 45 நாளில் தீர்ப்பு வர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-இலேயே ஏற்று, எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்றது. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும். அந்தக் கெடுவைத் தவறவிடும் விசாரணை அதிகாரியிடம் யாராவது கணக்குக் கேட்கிறார்களா?

மிகக் கொடிய கொலைகளுக்கு 14 ஆண்டு போதாது என்று நீங்கள் சொன்னால் அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நீதிமன்றங்களும் அதை உணர்ந்திருக்கின்றன. பெங்களூரில் மனைவியை உயிரோடு புதைத்துக் கொன்ற சிரத்தானந்தாவின் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், தூக்கு அதிகம், நடைமுறையில் 14 ஆண்டாகச் சுருங்கிவிடும் ஆயுள் மிகக் குறைவு என்று கண்டு, குறைப்பே இல்லாத வாழ்நாள் சிறை என்ற நடுவழியைத் திறந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தொடர்ச்சியாக 2015-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்து, அந்த அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்றது. உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கில் ஐந்து பேரின் தூக்குத் தண்டனையை 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம், 25 ஆண்டு குறைப்பில்லாத ஆயுள் சிறையாக மாற்றியது இந்த வழியில்தான். அந்தத் தீர்ப்பின் மற்றப் பகுதிகளைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் 25 என்று ஓர் எண்ணை நீதிமன்றமே வாய்திறந்து சொன்னது நல்ல பழக்கம். எல்லாக் கொலை வழக்குகளிலும், முதல் தீர்ப்பு நாளிலேயே, இந்தக் குற்றவாளியின் விடுதலையை இத்தனை ஆண்டுக்கு முன் பரிசீலிக்கக் கூடாது என்று காரணத்துடன் சொல்லும் அதிகாரத்தை அமர்வு நீதிபதிக்கும் சட்டம் தர வேண்டும் என்பது என் கருத்து.

கடலூர் வாசகி: என் அப்பா கொலை வழக்கில் ஆயுள் கைதி. 17 வருடம் ஆகிறது. எனக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது; சிறையில் மனு பார்க்க (அவரைச் சந்திக்க) போகும்போது கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பேரனைப் பார்த்தார். அவர் செய்தது தப்புதான். ஆனால் எவ்வளவு காலம்? தண்டனை போதாது என்று எல்லோரும் எழுதும்போது எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

அம்மா, நீங்களும் எழுதியது நல்லது. உங்கள் அப்பா செய்ததைத் தப்பு என்று நீங்களே சொல்லும்போது, உங்களிடம் நான் வேறு உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

17 ஆண்டு என்பது எழுதிப் படிக்கும்போது சின்ன எண். அதை நேரில் பார்த்தது எப்போது என்றால், என் கட்சிக்காரராக இருந்த ஒருவர் விடுதலையாகி வந்த சில நாள்களில் அவர் வீட்டுக்குப் போனபோது. திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மாலை ஆறு மணி நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து, வீட்டுக்குள் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். லாக்கப் நேரம். யாரும் அவரை அழைக்கவில்லை, பூட்டவும் இல்லை. அவருடைய மனைவி என்னிடம், தினமும் இப்படித்தான் என்று மெல்லச் சொன்னார். 14 ஆண்டு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தச் சுவர் ஓரம் எனக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் அப்பாவின் நிலையைப் பரிசீலிக்கும்போது அரசு எதைப் பார்க்க வேண்டும் என்பதை 2000-இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் குற்றம் சமுதாயத்தையே பாதித்த ஒன்றா, மறுபடியும் நடக்க வாய்ப்பு உண்டா, இனிக் குற்றம் செய்யும் நிலையில் அவர் இருக்கிறாரா, மேலும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்பவை அவை. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி மனுப் போட்டாலும் போடாவிட்டாலும் அரசே அவரைப் பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. உங்கள் அப்பாவின் வழக்கில் பரிசீலனை நடந்ததா, மறுக்கப்பட்டதென்றால் என்ன காரணம் என்று சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில், அரசுக்கு ஆணையிடக் கோரும் ரிட் மனுப் போடலாம். கட்டணம் இல்லாமல் வழக்கறிஞரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும். நூற்றாண்டு விழாக்களுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்கக் கூடாது. அந்தப் பட்டியல்கள் கொலையுண்டவரின் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதியைத்தான், விழா வராத ஆண்டுகளில் திருந்திய கைதிக்கும் இழைக்கின்றன.

குடியாத்தம் வாசகர்: வெளிநாடுகளில் எப்படி?

நார்வேயில் ஆயுள் தண்டனை கிடையாது. 2011-இல் 77 பேரைக் கொன்றவனுக்குக்கூட 21 ஆண்டுதான் விதிக்கப்பட்டது; ஆனால் அவனால் இன்னும் ஆபத்து உண்டென்று நீதிமன்றம் கருதும்வரை அதை நீட்டித்துக்கொண்டே போகலாம். இங்கிலாந்தில் கொலைக்கு ஆயுள் மட்டுமே தண்டனை. குறைந்தது எத்தனை ஆண்டு கழிந்த பிறகே விடுதலையைப் பரிசீலிக்கலாம் என்பதை நீதிபதி தீர்ப்பு நாளிலேயே திறந்த நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார். குற்றத்தின் தன்மைக்கேற்ப 15 ஆண்டிலிருந்தும், 25 அல்லது 30 ஆண்டிலிருந்தும் தொடங்கி அது கணக்கிடப்படும். மிகக் கொடியவற்றுக்கு வாழ்நாள் முழுவதும். நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுவே.

மறுபடியும் பட்டுக்கோட்டை வாசகி, கடிதத்தின் கடைசிப் பத்தியில்: எங்கள் வழக்கில் இன்னொருவரும் ஆயுள் தண்டனையில் உள்ளே இருக்கிறார். அவரையும் இப்படி விட்டுவிடாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய முடியும்?

விடவே கூடாது என்று தடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்களைக் கேட்காமல் விடக்கூடாது என்று கோரலாம். முதலில், தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் மனுச் செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண்ணையும் கைதியின் பெயரையும் குறிப்பிட்டு, முன்விடுதலைப் பரிசீலனை வரும்போது எங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று உள்துறைச் செயலாளருக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையத்தாரும் ஊரில் விசாரித்து அறிக்கை தருவது வழக்கம். அவர்கள் வரும்போது ஊர்ப் பெரியவர்கள் பேசட்டும் என்று நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம். மிரட்டல் ஏதும் இருந்தால் அதைத் தேதியுடன் எழுதிக் கொடுங்கள். விடுதலை ஆணை வந்த பிறகும், தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்காமலோ காரணம் சொல்லாமலோ அது பிறப்பிக்கப்பட்டிருந்தால், மதுரைக் கிளையில் ரிட் மனு மூலம் எதிர்க்க முடியும். பெண் என்ற முறையில் உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. தஞ்சாவூரில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பப் படிவம் தருவார்கள். இழப்பீட்டுத் தொகை முன்பு வாங்கவில்லை என்றால், அதையும் அதே மேசையில் கேட்டுவிடுங்கள்.